கரிசல் சேற்றுக்கு எந்தப் பெடல்?

வெம்பக்கோட்டையிலிருந்து எந்தத் திசையில் சைக்கிளை விட்டாலும் தார்ச்சாலையை விட்டு இறங்கிய இடத்தில் கரிசல்தான். சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வண்டிப்பாதை, ஐப்பசியில் இரண்டு மழை விழுந்ததும் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே மண் அடைத்துச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடப்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. அகல டயரும் கியரும் வைத்த எம்டிபி சைக்கிள்கள் இன்று சிற்றூர்த் தெருக்களிலும் சாதாரணமாகிவிட்டன. அவற்றைப் பள்ளிக்கும் கடைக்கும் ஓட்டுவதோடு நில்லாமல் கம்மாய்க்கரை, ஓடைப்பாதை, மலையடிவாரம் என்று கொண்டுபோகிறவர்களுக்குக் கொஞ்ச நாளில் ஒரு கேள்வி வரும். ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிட் பெடல் வாங்கலாமா? வாங்கினால் எது?

கடைகளில் கிளிப்லெஸ் என்றும் எஸ்பிடி என்றும் விற்கப்படுவது இந்தப் பெடல்தான். இதைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி கலிபோர்னியாவின் காய்ந்த மலைத்தடத்தையோ இங்கிலாந்தின் ஈரக்காட்டையோ மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. வைப்பாற்றுக் கரைக்கு அது அப்படியே பொருந்தாது. பெடலின் வரலாறு, பூட்டும் முறை, ஆய்வுக்கூட முடிவுகள், நம் மண், ஷூ, பராமரிப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது: பெடல் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதைவிட எவ்வளவு சுலபமாக விடுகிறது என்பதை வைத்தே நம் நிலத்தில் தேர்வு செய்ய வேண்டும்.

வாரிலிருந்து பூட்டுக்கு

பந்தயக்காரர்கள் காலைப் பெடலோடு கட்டத் தொடங்கி நூறாண்டுக்கு மேலாகிறது. முதலில் வந்தது இரும்புக் கூண்டும் தோல் வாரும். பெடலுக்கு முன்னால் உள்ள கூண்டுக்குள் ஷூவின் முனை நுழையும். மேலே வார் இறுகும். நிற்க வேண்டுமென்றால் குனிந்து வாரைத் தளர்த்த வேண்டும். 1970களின் தொடக்கத்தில் இத்தாலியின் சினெல்லி நிறுவனம் கூண்டில்லாத பூட்டுப் பெடல் ஒன்றை விற்றது. காலை எடுக்கக் கையால் ஒரு நெம்பைத் தள்ள வேண்டியிருந்ததால் அது பரவவில்லை.

1984இல் நிலைமை மாறியது. பனிச்சறுக்குப் பூட்டுகளைச் செய்துவந்த பிரான்சின் லுக் நிறுவனம், விழும்போது காலைத் தானாக விடுவிக்கும் அந்தத் தத்துவத்தைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் போதும், பூட்டு திறந்துவிடும். மறு ஆண்டே பெர்னார் ஈனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸை வென்றார். சில ஆண்டுகளில் சாலைப் பந்தயத்திலிருந்து வார் மறைந்தது.

லுக் பெடல் தார்ச்சாலைக்கானது. அதன் கிளிட் ஷூவின் அடியில் துருத்திக்கொண்டு நிற்கும் பெரிய பிளாஸ்டிக் துண்டு. அதோடு நடந்தால் வழுக்கும், மண் ஒட்டினால் பூட்டாது. மலைச் சைக்கிளோட்டமோ ஏறுவதும் இறங்குவதும் தள்ளிக்கொண்டு நடப்பதுமான விளையாட்டு. 1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டிச் சரிவுகளில் பழைய கனத்த சைக்கிள்களை ஓட்டி இறங்கிய இளைஞர்களிடம் தொடங்கியது அது. 1990இல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் அதன் முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. ஷிமானோவின் எஸ்பிடி பெடல் வந்ததும் அதே 1990இல்தான். அதில் இரண்டு மாற்றங்கள் இருந்தன. கிளிட் சிறிய உலோகத் துண்டாகச் சுருங்கி, ஷூ அடியின் குழிக்குள் ஒளிந்துகொண்டது. அதனால் நடக்க முடிந்தது. பெடலின் இரு பக்கத்திலும் பூட்டு இருந்ததால் குனிந்து பார்த்துத் திருப்பும் வேலையும் ஒழிந்தது. இன்று விற்கும் பெரும்பாலான எம்டிபி கிளிட் பெடல்கள் ஏதோ ஒரு வகையில் இந்த இரண்டையும் பின்பற்றுகின்றன.

நம் சைக்கிள் வழக்கம் இதற்கு நேர்மாறான இடத்தில் வளர்ந்தது. அம்பத்தூரில் 1949இல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கிய நாள் முதல், 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து புதுக்கோட்டைப் பெண்கள் கூட்டங்கூட்டமாகச் சைக்கிள் கற்றது, பின்னர் அரசின் விலையில்லா மிதிவண்டிகள் மாணவ மாணவியர் கைக்கு வந்தது என்று எல்லாமே தட்டைப் பெடலில்தான். வாடகைச் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்களுக்குக் கால் எந்த நொடியிலும் தரையைத் தொடும் என்பது கேள்விக்கிடமில்லாத நம்பிக்கை. கிளிட் பெடலுக்கு மாறும்போது அந்த நம்பிக்கையைத்தான் முதலில் மாற்றிப் பழக வேண்டியிருக்கிறது. மறுபக்கம், போட்டி நமக்கு எட்டாத தொலைவிலும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம், திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில் 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்தது.

மூன்று குடும்பங்கள்

சந்தையில் பெயர்கள் பல இருந்தாலும் பூட்டும் முறையை வைத்துப் பார்த்தால் மூன்று குடும்பங்களே முக்கியம்.

முதலாவது ஷிமானோவின் எஸ்பிடி. முன்னால் அசையாத கொக்கி, பின்னால் ஸ்பிரிங் வைத்த தாடை. கிளிட்டின் மூக்கை முன்கொக்கியில் நுழைத்து மிதித்தால் தாடை பின்வாங்கி, டக்கென்று மூடிக்கொள்ளும். ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஒரு சிறு திருகால் கூட்டலாம், குறைக்கலாம். இந்த வசதி மற்ற இரண்டு குடும்பங்களின் பெரும்பாலான மாதிரிகளில் இந்த அளவுக்கு இல்லை. பூட்டிய பிறகு கால் சுமார் 4 டிகிரி வரை இடம்வலம் அசையலாம். வேறு பல நிறுவனங்களும் எஸ்பிடி கிளிட்டுக்குப் பொருந்தும் பெடல்களைச் செய்வதால் கிளிட் கிடைக்காத சங்கடம் குறைவு.

இரண்டாவது டைம் நிறுவனத்தின் அட்டாக். லுக் பெடலை வடிவமைத்த ஜான் பெய்ல் பின்னர் தொடங்கிய நிறுவனம் டைம். 2021 முதல் அதன் பெடல்கள் ஸ்ராம் நிறுவனத்தின் வசம். இதில் முன்னும் பின்னும் வளைந்த கம்பிகள் கிளிட்டைப் பிடிக்கின்றன. ஸ்பிரிங் பெடலின் உடலுக்குள் மறைந்திருக்கிறது, பூட்டும் இடம் திறந்திருக்கிறது. மிதிக்கும் அழுத்தத்திலேயே மண் பிதுங்கி வெளியேறும். கால் கோணத்தில் மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் சற்று நகர இடமுண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் இதை விரும்புவதற்கு அதுவே காரணம். வலது, இடது கிளிட்டுகளை மாற்றிப் போட்டால் விடுபடும் கோணம் 13 டிகிரியிலிருந்து 17க்கோ, 17லிருந்து 13க்கோ மாறும்.

மூன்றாவது கிராங்க்பிரதர்ஸ். 2001இல் வந்த அதன் எக்பீட்டர் பெடலுக்கு மேடை என்று ஒன்றே கிடையாது. அச்சைச் சுற்றி நான்கு கம்பிச் சிறகுகள் மட்டும், நான்கு பக்கத்திலும் பூட்டு. மண் தங்க இடமே இல்லை. அதே பூட்டைச் சுற்றிச் சிறிய மேடை வைத்தது கேண்டி, பெரிய மேடை வைத்தது மேலட். இங்கும் கிளிட்டை மாற்றிப் போட்டு விடுபடும் கோணத்தை 15 அல்லது 20 டிகிரியாக வைத்துக்கொள்ளலாம். ஸ்பிரிங் இறுக்கத்தை மாற்ற முடியாது. பித்தளைக் கிளிட் எஃகுக் கிளிட்டைவிடச் சீக்கிரம் தேயும். பேரிங்கையும் அடிக்கடி பிரித்துப் பார்த்து கிரீஸ் வைக்க வேண்டும். பெடல் கல்லில் மோதினால் சிறகு திறந்து கால் எதிர்பாராமல் விடுபடுவதும் நடக்கும்.

இவை தவிர, காந்தத்தால் ஷூவைப் பிடிக்கும் பெடல்களும் வந்திருக்கின்றன. எந்தப் பக்கம் இழுத்தாலும் விடுபடுவதால் பயந்தவர்களுக்கு ஆறுதல் தரும். ஆனால் கரடுமுரடான இறக்கத்தில் பூட்டு தரும் உறுதியை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. அவற்றை ஒரு தனிக் குடும்பமாகக் கொள்ளும் காலம் இன்னும் வரவில்லை.

சக்தி மிச்சமாகிறதா?

கிளிட் பெடலுக்குச் சொல்லப்படும் முதல் நியாயம், மிதிப்பதோடு காலை மேலே இழுக்கவும் முடிவதால் சக்தி வீணாகாது என்பது. கேட்க நியாயமாகப் படும் இந்த வாதம் ஆய்வுக்கூடத்தில் நிற்கவில்லை.

2007இல் கார்ஃப் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் ஓட்டுநர்கள் பல விதமாக மிதிக்கச் சொல்லப்பட்டனர். வேண்டுமென்றே மேலே இழுத்தபோது பெடலில் விசை சீராகப் பரவியது. ஆனால் அதே வேலைக்கு உடல் செலவிட்ட ஆற்றல் கூடியது. 2016இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ரா, கிராம் இருவரும் வேறு விதமாகச் சோதித்தனர். ஓட்டப்பந்தய ஷூவோடு தட்டைப் பெடல், அதே ஷூவோடு கூண்டுப் பெடல், சைக்கிள் ஷூவோடு கிளிட் பெடல் என மூன்றிலும் மிதமான வேகத்தில் மிதிக்கவைத்து ஆற்றல் செலவை அளந்தனர். குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. சாத்தூருக்குப் போய்த் திரும்பும் மிதமான ஓட்டத்தில் கிளிட் பெடல் களைப்பைக் குறைக்கும் என்று நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே இதன் பொருள்.

ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு முழு பலத்தோடு மிதிக்கும்போது கணக்கு மாறுகிறது. கிராம் பங்கேற்ற 2020ஆம் ஆண்டு ஆய்வில், குறுகிய வேக ஓட்டங்களில் விறைப்பான ஷூவும் கிளிட் பெடலும் சேர்ந்து தட்டைப் பெடலைவிடத் தெளிவாகக் கூடுதல் திறனைத் தந்தன. செங்குத்தான சிறு மேடு, பந்தயத்தின் கடைசிப் பாய்ச்சல் போன்ற இடங்களில் பயன் உண்மை.

மலைத்தடத்தில் கிளிட் பெடல் தரும் பெரிய நன்மை இன்னொன்று. கல்லும் வேருமான இறக்கத்தில் சைக்கிள் உதறும்போது கால் பெடலை விட்டு எகிறாது. ஒவ்வொரு முறையும் பாதம் ஒரே இடத்தில் உட்காரும். ஓட்டுநர் பாதத்தை மறந்து பாதையைப் பார்க்கலாம். இதை ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு எதிர்ச்சான்றைச் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் தட்டைப் பெடலில் ஓட்டியே மலையிறக்கப் பந்தயத்தில் உலகச் சாம்பியன் ஆனார். எண்டூரோ உலகத் தொடரையும் 2017, 2018, 2019 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றார். கிளிட் இல்லாமல் வேகமாக ஓட்ட முடியாது என்பது இதோடு அடிபட்டுப் போகிறது. ஆனால் ஒலிம்பிக் வகையான கிராஸ் கன்ட்ரியில், ஏற்றமும் பாய்ச்சலும் மாறி மாறி வரும் இடத்தில், முன்னணி வீரர்கள் கிளிட் பெடலையே பயன்படுத்துகிறார்கள்.

மண் சொல்வது

கரிசலின் குணம் அதிலுள்ள மான்ட்மோரிலோனைட் வகைக் களிமண்ணால் வருவது. தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். நடுநிலையான ஈரத்தில்தான் மிக மோசமாக ஒட்டும். நல்ல மழையில் கொழகொழவென்றிருக்கும் சேறு ஓரளவு வழிந்துவிடும். மழை விட்டு ஒருநாள் வெயில் பட்ட பிறகு உள்ள பதம் ஷூவின் அடியில் அட்டையாகப் படியும். இறங்கி நாலு எட்டு வைத்தால் கிளிட் இருக்கும் குழி நிரம்பிவிடும். அதற்குமேல் கிளிட் பெடலின் தாடைக்குள் இறங்காது. மிதித்தாலும் மண் நடுவில் நின்று தடுக்கும். அரைகுறையாகப் பூட்டிய கிளிட் அதைவிட ஆபத்து, எப்போது விடும் என்றே சொல்ல முடியாது.

இங்கே மூன்று குடும்பங்களும் வரிசை மாறுகின்றன. மண்ணை வெளியேற்றுவதில் எக்பீட்டர் முதலிடம், அட்டாக் அதற்கு அடுத்து, எஸ்பிடி கடைசி. எஸ்பிடி மோசமான பெடல் என்பதல்ல. ஆண்டில் பெரும்பகுதி காய்ந்திருக்கும் இந்த வட்டாரத்தில் அதன் குறை வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில்தான் தலைகாட்டும். அந்த வாரங்களில் கரிசல் பாதையில் ஓட்டுவதையே தவிர்க்கிறவருக்கு அது குறையே இல்லை. ஈரக் கரிசலில் பெடல் பூட்டாமல் போவதற்கு முன்பே சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். சேறு நிறைந்த நாளில் செம்மண் பாதையையோ கம்மாய்க்கரையின் சரளையையோ தேடிப் போவது எந்தப் பெடலையும்விடப் பலன் தரும்.

கோடையில் வேறு பிரச்சினை. வைப்பாற்று மணலும் பாதையின் நுண்தூசியும் தாடையில் புகுந்து, எண்ணெயோடு சேர்ந்து அரைக்கும் பசையாகும். பூட்டு விறைத்துப்போய் கால் திரும்ப மறுக்கும். வெடித்த கரிசல் பாதையில் முன்சக்கரம் பிளவில் மாட்டினால் கால் உடனே தரைக்கு வர வேண்டும். விறைத்த பூட்டு அங்கேதான் விழத்தட்டும்.

விழும் இடமும் முக்கியம். இந்தப் பக்கத்துப் பாதைகளின் இருமருங்கும் சீமைக்கருவேலம். கிளிட் பெடலுக்குப் புதியவர்கள் விழுவது பெரும்பாலும் வேகத்தில் அல்ல, நிற்கும்போது. கால் பூட்டியிருப்பதை மறந்து பக்கவாட்டில் சாய்வார்கள். புல்தரையில் அது சிரித்துவிட்டு எழுந்துகொள்ளும் விழுகை, வேலிமுள்ளில் அப்படியல்ல. திருப்பத்தில் எதிர்ப்படும் ஆட்டு மந்தை, தோட்டத்து நாய், மணல் டிராக்டர் என்று திடீரென நிற்க வேண்டிய தருணங்களுக்கும் இங்கே குறைவில்லை. விடுபடும் சுலபமே முதல் அளவுகோல் என்று சொல்வது இந்த நிலத்தைப் பார்த்துத்தான்.

மலை ஓட்டத்துக்கு மேற்கே பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையத்துக்கு மேலுள்ள காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதியின்றி அதற்குள் சைக்கிளோடு நுழையக் கூடாது. அடிவாரச் சாலைகளும் தோப்புப் பாதைகளுமே நமக்கு உரியவை. நீண்ட ஏற்றம் வேண்டுவோர் கொடைக்கானலுக்கோ நீலகிரிக்கோ போகிறார்கள். மசினகுடியிலிருந்து உதகைக்கு 36 கொண்டையூசி வளைவுகளோடு ஏறும் கல்ஹட்டிச் சாலையில் கிளிட் பெடலின் பயன் முழுதாகத் தெரியும். அதே சாலையில் களைத்துப்போய் நின்றுவிட்டால் சுலபமாக விடும் பூட்டின் அருமையும் தெரியும். உள்ளூரில் இன்னொரு எல்லையும் உண்டு. விஜயகரிசல்குளம் மேட்டில் 2022இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. மேடு கண்டால் ஏறிப் பார்க்கும் ஆசையை அங்கே அடக்கிக்கொள்ள வேண்டும்.

தட்டைப் பெடலை எளிதாகத் தள்ளிவிட முடியாது

எம்டிபி தட்டைப் பெடல் நம் பழைய ரப்பர் கட்டைப் பெடல் அல்ல. உள்ளங்கை அகல மேடை, அதில் சிறு உலோக ஆணிகள், மென்மையான ரப்பர் அடி வைத்த ஷூ. இந்த மூன்றும் சேர்ந்தால் கால் அசையாமல் நிற்கும். குதிகாலைத் தாழ்த்தி, உடல் எடையைப் பெடலில் இறக்கி ஓட்டும் பாடத்தை இது கற்றுத்தரும். கிளிட்டோடு தொடங்கியவர்கள் காலால் சைக்கிளை இழுத்துத் தூக்கிப் பழகிவிடுவதால் இந்தப் பாடத்தைத் தவறவிடுகிறார்கள். முதல் ஓராண்டைத் தட்டைப் பெடலில் கழிப்பது நல்லது என்று பயிற்சியாளர்கள் பலர் சொல்வது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை நமக்கே உரியது. இங்கே பலர் ரப்பர் செருப்போடுதான் சைக்கிள் ஓட்டுகிறார்கள். உலோக ஆணி வைத்த பெடலில் செருப்பு கிழியும், வழுக்கினால் கணுக்காலும் கிழியும். செருப்பை விட மாட்டோம் என்பவர்கள் நைலான் உடலில் வார்த்த மொட்டை முனைகளுள்ள பெடலை வாங்குவதே சரி.

ஷூவும் கிளிட்டும்

பெடலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் ஷூவை அவசரத்தில் வாங்கிவிடுகிறார்கள். உண்மையில் பாதத்துக்கு நேரடியாகத் தெரிவது ஷூதான். எம்டிபிக்கு அடியில் இரண்டு திருகுத் துளையுள்ள ஷூ வேண்டும். மூன்று துளையுள்ளது சாலைப் பந்தயத்துக்கானது. அது இந்தப் பெடல்களில் பொருந்தாது. அடி மிக விறைப்பாக இருந்தால் கல்லில் நடக்க முடியாது. மிக மென்மையாக இருந்தால் சிறிய பெடல் உள்ளங்காலில் உறுத்தும். நமக்கு நடுத்தர விறைப்பு, இடைவெளி விட்ட ரப்பர் கட்டைகள், காற்றோடும் மேற்பகுதி ஆகிய மூன்றும் போதும். ஷூவை மாலையில் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். வெயிலில் நெடுநேரம் மிதித்தால் பாதம் வீங்கும். காலையில் அளந்த ஷூ மதியம் கடிக்கும்.

எஸ்பிடி வாங்குகிறவர்கள் கிளிட் விஷயத்தில் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஷிமானோ பெடல்களோடு வழக்கமாக வந்த கறுப்பு எஸ்எச்51 கிளிட், குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டுமே விடும். தனியாக விற்கும் வெள்ளி நிற எஸ்எச்56, காலைக் கோணலாக மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தாலும் விடும். பதற்றத்தில் கால் இயல்பாகச் செய்வது அதைத்தான். புதியவருக்கும் முள்வேலிப் பாதைக்கும் எஸ்எச்56 ஏற்றது. பலமாக மேலே இழுத்து மிதிக்கும் பழக்கமுள்ளவருக்கு அது வேண்டாத நேரத்தில் விடக்கூடும், அவருக்கு எஸ்எச்51. சிறு செலவில் பெடலின் குணத்தையே மாற்றும் இந்த வித்தியாசத்தைக் கடைக்காரர்கள் எல்லாரும் எடுத்துச் சொல்வதில்லை.

பொருத்தும்போது கிளிட்டின் நடுப்பகுதி கட்டைவிரல் மூட்டுக்கு நேராகவோ சற்றுப் பின்னாலோ இருக்கட்டும். இறக்கம் ஓட்டுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் பின்தள்ளுவார்கள். கெண்டைக்காலுக்குச் சுமை குறையும். நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் பாதம் எந்தக் கோணத்தில் தொங்குகிறதோ அதையொட்டிக் கிளிட்டைத் திருப்ப வேண்டும். முழங்காலில் புதிதாக வலி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கோணத்தை. திருகுகளை 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கி, முதல் இரண்டு மூன்று ஓட்டங்களுக்குப் பிறகு மறுபடி பார்க்க வேண்டும். திருகு தளர்ந்தால் கால் திரும்பும், கிளிட் மட்டும் திரும்பாது. ஷூவைக் கழற்றித்தான் இறங்க வேண்டியிருக்கும்.

எஸ்பிடி பெடலின் ஸ்பிரிங்கை முதலில் மிகத் தளர்வாக வையுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு பூட்டவும் விடவும் பழகி, பிறகு காலியான மைதானத்தில் ஓட்டிப் பார்த்து, அதற்குப் பிறகே பாதைக்குப் போக வேண்டும். நிற்பதற்கு முன்பே காலை விடுவிக்கும் பழக்கம் தானாக வரும்வரை முள்ளும் போக்குவரத்தும் உள்ள இடம் வேண்டாம்.

விலையும் பராமரிப்பும்

பெடல், ஷூ, தேயும் கிளிட் என்று செலவு மூன்று. விலை கூடக்கூடப் பெடலின் கனம் குறையும், பிடிப்பு பெரிதாக மாறாது. ஷிமானோவின் தொடக்கநிலை மாதிரியான எம்520 ஒரு ஜோடி 380 கிராம். உச்ச வரிசையான எக்ஸ்டிஆரின் எம்9100 சுமார் 310 கிராம். விலையோ பல மடங்கு. இடையிலுள்ள 70 கிராமைவிட ஒரு ஷூவில் ஒட்டும் கரிசல் கனமானது. ஒரு பக்கம் பூட்டும் மறுபக்கம் தட்டை மேடையும் உள்ள ஷிமானோ இஎச்500 போன்ற பெடல்கள் வேலை நாளில் செருப்பு, ஞாயிற்றுக்கிழமை ஷூ என்பவர்களுக்குத் தோதானவை. பூட்டும் பக்கத்தைத் தேட வேண்டியிருப்பது அவற்றின் குறை.

கழற்றி மாட்டுவதை உள்ளூர் சைக்கிள் கடையிலேயே செய்யலாம். கியர் சைக்கிள்களின் பெடல் மரை பொதுவாக 9/16 அங்குலம். குழந்தைகள் சைக்கிள் சிலவற்றில் அரை அங்குலம் என்பதால் வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். இடது பெடலுக்கு இடமரை. மரையில் கிரீஸ் தடவாமல் மாட்டினால் அடுத்த ஆண்டு கழற்ற முடியாது.

சேற்றில் ஓட்டி வந்தால் அன்றே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். காய்ந்த கரிசல் கல்லாகிவிடும். கிளிட் திருகின் அறுகோணக் குழியில் இறுகிய மண்ணை ஊசியாலோ முள்ளாலோ குத்தி எடுத்த பிறகே சாவியை நுழைக்க வேண்டும். இல்லாவிட்டால் திருகின் தலை வழன்றுவிடும். தாடைக்குக் கொழுத்த எண்ணெய் வேண்டாம், தூசியை இழுக்கும். உலர்வகை மசகு போதும். விடுபடும் தருணம் முன்போலத் தெளிவாகத் தெரியவில்லை என்றால் கிளிட் தேய்ந்துவிட்டது. தள்ளிப்போடாமல் மாற்ற வேண்டும்.

யாருக்கு எது?

பள்ளி, கல்லூரி, வேலைக்குப் போய்வர ஓட்டுகிறவருக்குத் தட்டைப் பெடல்தான். பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள் கிளிட் ஷூவை நினைக்கவே வேண்டாம். தீப்பொறிக்கு அஞ்சி இரும்புக் கருவியையும் இரும்பு ஆணி அடித்த செருப்பையும் விலக்கிவைக்கும் இடத்தில் எஃகுக் கிளிட்டுக்கு என்ன வேலை? பித்தளைக் கிளிட் என்றாலும் திருகு எஃகுதான். சைக்கிள் ஷூ ஆலை வாசலுக்குள் போகும் பொருளே அல்ல.

எம்டிபி ஓட்டத்தை இப்போதுதான் தொடங்குகிறவருக்கு ஆணி வைத்த தட்டைப் பெடலும் நல்ல ரப்பர் ஷூவும். உடல் சமநிலையும் பிரேக் பழக்கமும் கைவரும்வரை அதில் இருப்பதால் இழப்பு எதுவும் இல்லை.

ஆண்டு முழுக்க ஓட்டி, மழைவாரங்களில் ஒதுங்கிக்கொள்கிறவருக்கு எம்520 போன்ற சாதாரண எஸ்பிடி, அதில் எஸ்எச்56 கிளிட், தளர்ந்த ஸ்பிரிங். 200, 300 கிலோமீட்டர் பிரவே எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களுக்குப் போகிறவர்களுக்கும் இதே ஜோடி பொருந்தும். டீக்கடையிலும் சோதனைச் சாவடியிலும் இறங்கி நடக்கத் தோதான ஷூ என்பதால் நெடுந்தூரக்காரர்கள் பலர் சாலைச் சைக்கிளிலும் இதையே மாட்டுகிறார்கள்.

மழையென்றும் பாராமல் சேற்றில் இறங்குகிறவருக்கும் முழங்கால் தொல்லை உள்ளவருக்கும் அட்டாக். மண்ணை உதறுவதில் எக்பீட்டர் அதற்கும் மேல் என்றாலும், பேரிங்கைப் பிரித்துப் பூட்டும் பொறுமையும், பித்தளைக் கிளிட்டை நகரக் கடையிலிருந்தோ இணையத்திலோ வரவழைத்து வைத்திருக்கும் முன்யோசனையும் உள்ளவருக்கே அது. போட்டிக்குத் தயாராகிறவர் மூன்றில் எதையும் எடுத்துக்கொள்ளலாம். பயிற்சியிலும் பந்தயத்திலும் ஒரே பெடல் என்பது மட்டும் அவருக்குக் கட்டாயம்.

கடைக்குப் போகும்போது ஷூவைப் போட்டுக்கொண்டு, சைக்கிளில் மாட்டிய பெடலில் ஏறிப் பூட்டி விடுவித்துப் பாருங்கள். பத்து முறையும் யோசிக்காமல் கால் வெளியே வந்தால் அதை வாங்கலாம். ஒருமுறையாவது தயங்கினால் இறுக்கத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது கிளிட்டை மாற்றச் சொல்லுங்கள். இரண்டும் முடியாதென்றால் தட்டைப் பெடலோடு திரும்பி வாருங்கள். நம் பாதைகளில் அதனால் நீங்கள் பின்தங்கப் போவதில்லை.